உதிரி

இறுதி ஆட்டத்தன்று ஆயிரத்தில்
நானூற்றுப் பத்து பீடி பாக்கி எனக்கு.
நனைத்த இலைப் பொதியில் செல்போனைச் சாய்த்து வைத்தாள்
செய்யதம்மாள். அவள் போன்தான்.
திரையில் குறுக்கே ஒரு கீறல்;
அதற்கு மேலே மட்டைக்காரி, கீழே பந்துக்காரி.

போன வருஷம் ஆம்பிளை ஆட்டத்துக்கு
முக்கூடல் பஸ் ஸ்டாண்டில் வெள்ளைத்திரை கட்டின பையன்களை
இசக்கிக்கனி வழிமறித்துக் கேட்டாளாம்:
'ஏல, இன்னைக்குக் கட்டலயா?'
'மழ வரும் மயினி.'
ஐப்பசிதான், ஆனால் வரவில்லை.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மின்னல், அவ்வளவுதான்.

அதனால் எங்கள் பட்டாசலில் ஏழு பேர்,
ஏழு சுளகு, ஒரு கீறல் விழுந்த மைதானம்.
பார்ப்பது எங்கே? கண் இலையில்.
காதுதான் ஆட்டம் பார்த்தது.
மட்டை நடுவில் பட்டால் மரக்கதவு சாத்துகிற சத்தம்.
விளிம்பில் பட்டால்
கத்தரி இலை நரம்பில் ஏறுகிற சத்தம்.
நாலா, ரெண்டா என்று தலை நிமிராமல் சொல்வாள் பேச்சித்தாய்.
பத்துக்கு எட்டு சரியாக இருக்கும்.

நிமிர்ந்தது சுழல் போடுகிறவள் வந்தபோது.
ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி.
எனக்கு அதே இடத்தில்
நூல் அறுத்து அறுத்துக் காய்த்த தடம்.
'பாருங்கட்டி, அவ பந்த எறியல, மடக்குதா'
என்றாள் இசக்கிக்கனி.
கால்காப்பில் பட்டது. நடுவர் தலையை ஆட்டினார்.
விடவில்லை அவர்கள். கைகளைக் குறுக்கே வைத்து
மறுபடி பார்க்கச் சொன்னார்கள்.
மூன்று தடவை, மெதுவாக:
எங்கே விழுந்தது, எங்கே பட்டது,
படாமல் போனால் எங்கே போயிருக்கும்.

கத்தரிச் சத்தம் நின்றுபோனது.
கடையில் ரத்தினபாண்டி ஒரு கட்டைப் பிரித்து
'கழிவு' என்று கீழே போட்டால்
போட்டதுதான்.
என்ன குறை என்று எந்தத் திரையிலும் ஓடாது.
'நமக்கும் நாளுக்கு ரெண்டு ரிவ்யூ குடுத்தா என்னளா?'
பேச்சித்தாய் கேட்டதற்குச் சிரித்த சிரிப்பில்
என் சுளகிலிருந்து தூள் பறந்து
ஏழு பேருக்கும் தும்மல்.
அந்தத் தும்மலில் அவுட் கொடுத்ததைப் பார்க்காமல் விட்டோம்.

நாற்பத்தேழாவது ஓவர்.
உயர எழுந்தது ஒன்று.
எல்லைக்கோட்டில் ஒரு பொண்ணு,
என் மகள் கோமதியை விட ரெண்டு வயசு கூட இருக்கலாம்,
சரியாகத்தான் வந்து நின்றாள்,
சரியாகத்தான் கை குவித்தாள்.
விட்டாள்.

ஒருத்தியும் திட்டவில்லை.
கேமரா மட்டும் அவள் முகத்தை விட்டு நகரவே இல்லை.
'போதும்ல, அந்தப் பக்கம் திரும்பு'
என்றாள் செய்யதம்மாள், போனைப் பார்த்து.
என் கை அதுபாட்டுக்கு உருட்டிக்கொண்டிருந்தது.
எண்ணிக்கை என்னிடம் இல்லை.

கடைசி ஓவரில் டேட்டா தீர்ந்தது.
எதிர்வீட்டுக் கல்லூரிப் பையனைக் கூப்பிட்டு
வாசற்படியில் அவன் போனோடு நிற்க வைத்து
இணைத்து முடிப்பதற்குள் ரெண்டு பந்து
எங்கேயோ விழுந்துவிட்டது.

ஜெயித்தோம். ஒன்பது ஓட்டம்.
தெருவில் ஒரே ஒரு வெடி,
யாரோ தீபாவளியில் மிச்சம் பிடித்தது.
அவர்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள்.
நான் கை நழுவவிட்டவளைக் கூட்டத்தில் தேடினேன்.
இப்போது அவள் வேண்டியிருக்கவில்லை கேமராவுக்கு.
பெயர்களும் எண்களும் ஓடின,
எல்லாவற்றுக்கும் அடியில்
நம் பக்கம் உதிரிகள் பதினான்கு.
யார் கணக்கிலும் ஏறாத ஓட்டம்.
மொத்தத்தில் மட்டும் இருக்கும்.

காலையில் கடையில் வரிசை.
'நேத்து மேட்ச் பாத்தியளா?' என்றேன்.
'எந்த மேட்ச்?' என்றார் ரத்தினபாண்டி,
கட்டைப் பிரித்து எண்ணிக்கொண்டே.
இருபத்தஞ்சு இருக்க வேண்டும். இருபத்தாறு.
குறைந்தால் பாஸ்புக்கில் வெட்டுவார்.
கூடினதற்கு வாய் திறக்கவில்லை;
அந்த ஒன்றை உருவிக்
காதில் செருகிக்கொண்டார்.